மூன்று தட்டு

துளை போடும் ரிக்கை அணைத்தாயிற்று. டீசல் சத்தம் அடங்கி, காதுக்குள் மிச்சமிருந்த இரைச்சலும் ஓய்ந்த பிறகு, பூமிக்குள் இறங்கியிருந்த இரும்பு ராடு தட்டியது.

டக். டக். டக்.

டீத் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன உமா மகேஸ்வரி அப்படியே நின்றாள். தார்ப்பாயில் சாரல் விழும் சத்தம், பொத்தைக் குன்றின் பாறைமேல் காற்று உரசிப் போகும் சத்தம், தூரத்தில் குற்றாலத்துக்கு விரையும் வேன்களின் ஹாரன், இத்தனைக்கும் அடியிலிருந்து அது வந்தது. காது ஏதோ விளையாடுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ரிக் ஓட்டுகிற அவள் தம்பி பேச்சிராஜும் திரும்பிப் பார்த்தான். பார்த்தது மட்டுமில்லை, அவன் கை தானாகவே வயரைச் சுருட்டித் தூக்கும் வின்ச்சின் லீவருக்குப் போயிருந்தது.

“எக்கா, மூணு தட்டு.”

“சும்மா இருலே. சூடான இரும்பு குளிருது, அதான் சத்தம்.”

“குளிருத இரும்பு எண்ணித் தட்டுமாக்கும்?”

டீயைக் கீழே ஊற்றினாள். மத்தியான டீ நேரம்தான், ஆனால் ஆவணி பிறந்தும் சாரல் விட்டபாடில்லை. மேகம் பொத்தையின் தலைவரைக்கும் இறங்கி, விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டிக் கிடந்தது. ஈரத் துணியும் டீசலும் கலந்த வாடைக்கு நடுவே இன்னொரு வாடை இருந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

அவர்கள் அப்பா வாசுதேவநல்லூர்ப் பக்கம் பேர் போன கிணறு வெட்டுக்காரர். ஆழக் கிணற்றில் கீழே நிற்கிறவன் கத்தினால் மேலே வெறும் முழக்கம்தான் வரும், சொல் பிடிபடாது. அதனால் இரும்புக் கூடையின் விளிம்பில் சுத்தியலால் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் தூக்கு. மூன்று தட்டுக் கேட்டுவிட்டால் மேலே நிற்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. யார், எதற்கு, என்ன ஆச்சு என்று ஒன்றும் கிடையாது. உள்ளே இருக்கிற ஆள் மேலே வந்து மண்ணில் கால் வைக்கிற வரைக்கும் நிறுத்தாமல் தூக்க வேண்டும். பாறையில் வைத்து வெடிக்காமல் போன தோட்டா ஒன்று திடீரென்று புகைய ஆரம்பித்த நாளில் அப்பா உயிரோடு வீடு வந்து சேர்ந்தது அந்தச் சட்டத்தால்தான். கல்யாணப் பந்தியில் யாராவது கரண்டியால் வாளியை மூன்று முறை தட்டினால்கூட சாகிற வரைக்கும் அப்பாவின் தோள் ஒரு இழுப்பு இழுத்தது. அந்த இழுப்பு தம்பிக்கும் வந்திருந்தது. தனக்கும் வந்திருக்கிறது என்று உமா யாரிடமும் சொன்னதில்லை.

அவள் பாறை படித்தவள். இலத்தூருக்குத் தெற்கே இந்தப் பொத்தையடிவாரத்தில் துளை போட்டுப் பார்க்கச் சொல்லி அவளை அனுப்பியிருந்தார்கள். ஊரில் ‘பாறை ஆராய்ச்சி’ என்று சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை. அணு உலையில் எரிந்து தீர்ந்த கழிவை, ஊர் பேரெல்லாம் மறந்துபோகிற காலம் வரைக்கும் புதைத்து வைக்கத் தோதான பாறை இந்தப் பக்கம் கீழே இருக்கிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி என்பதை மட்டும் சொல்லவில்லை. விரிசல் இல்லாத கல் வேண்டும். தண்ணீர்கூட நுழையாத கல் வேண்டும். உள்ளே போனது எக்காலத்துக்கும் வெளியே வரக் கூடாது. அப்படி ஒரு கல்லைத்தான் ஆறு வருஷமாக ஊர் ஊராகத் தேடினாள், இங்கே கிடைத்தும் விட்டது.

துளையின் அகலம் ஒரு தம்ளர் வாய்தான். ஆழம் நானூறு மீட்டரைத் தாண்டியாயிற்று. உள்ளீடற்ற ராடு துளையில் நிற்கும். அதற்குள்ளே ஒரு குழாய், குழாய்க்குள்ளே அறுபட்ட கல். வயரைக் கொக்கியோடு இறக்கிக் குழாயை மட்டும் தூக்கி, தகரத் தொட்டியில் சாய்த்து, மரச் சுத்தியலால் தட்டினால் கல் நீள உருளையாக வழுக்கி விழும். அதை எடுத்து ஐந்து வரிசை போட்ட தகரப் பெட்டியில் மேலிருந்து கீழாக ஒழுங்காக அடுக்க வேண்டும். கருங்கல், நடுவே சிவப்புப் பொட்டுகள், ஒரு கீறல் கிடையாது. நேற்று ராத்திரி போனில் மேலதிகாரி, “அருமையான இடம்மா” என்று மூன்று முறை சொல்லியிருந்தார்.

பேச்சிராஜை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். நாளைக்கு விடிந்தால் அவன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட வேண்டும். பெண் இசக்கிசெல்வி, வீரகேரளம்புதூர்க்காரி, பொழுதுக்கும் போன் செய்கிறவள். “இன்னைக்குச் சாயங்காலம் தம்பிய நீயே கையோட கூட்டிட்டு வந்துரணும்” என்று அம்மா பேராச்சி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் குற்றாலநாதர் கோயிலில் வாங்கிய மஞ்சள் கயிற்றை உமாவே அவன் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். அதற்கு முன்பு, குற்றாலத்தில் எடுத்திருந்த வாடகை அறையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல அவன் கதவைத் தட்டிப் பாடாய்ப் படுத்தினான். டக் டக் என்று இரண்டு வேகமாக, கொஞ்சம் விட்டு இன்னொரு டக். சின்ன வயதிலிருந்தே அவன் தட்டு அப்படித்தான்.

இப்போது ராடிலிருந்து வந்தது அப்படியில்லை. மூன்றும் ஒரே அளவு இடைவெளி. அவசரமே இல்லாத தட்டு.

டக். டக். டக்.

“ஏதோ கெடக்குல்லா,” என்று மாரி எழுந்து வந்தார். இலத்தூர்க்காரர், ஐம்பது தாண்டியவர், ராடு மாட்டிவிடுகிற வேலை. எதற்கும் சிரிப்பவர். “அடியில ஆளு இருந்தா கூலி குடுக்கணும் மேடம், கணக்குல சேத்துக்கிடுங்க.”

“மாரி அண்ணாச்சி, கிட்டப் போகாதீங்க.”

“ரிக்குதான் அணைஞ்சு கெடக்கே.”

அவர் குனிந்து, முழங்கால் உயரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ராடில் காதை வைத்தார். கழுத்தில் கிடந்த துண்டு ராடைத் தொட்டுத் தொங்கியது. சிரிப்பு முகத்திலிருந்து மெல்லக் கழன்றது. “மூச்சு விடுத சத்தம் கேக்கு,” என்றார்.

ராடு சுற்றியது.

எஞ்சின் ஓடவில்லை, பெல்ட் அசையவில்லை, ராடு மட்டும் தானாகச் சுற்றியது. துண்டைப் பிடித்தது. கழுத்தைக் காப்பாற்ற மாரி கையைக் குறுக்கே கொடுத்தார். துண்டோடு கையும் ராடில் சுருண்டது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. பச்சைக் கரும்பை ஒடிக்கிற சத்தம் கேட்டது. மாரி கத்தவே இல்லை, அவர் வாய் மட்டும் திறந்திருந்தது. பேச்சிராஜ் பாய்ந்து கத்தியால் துண்டை அறுத்தான். ராடு அப்போதே நின்றுவிட்டது. மாரியின் கை தோளிலிருந்து தொங்கியது, ஆனால் உள்ளங்கை எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் இல்லை. முழங்கைக்குக் கீழே வெள்ளையாக எலும்பு வெளியே வந்திருந்தது. சாரல் அதன்மேல் விழுந்து சிவப்பாக வழிந்தது.

ஜீப் ஓட்டுகிற சுந்தரபாண்டியன் ஓடிவந்து, அவரைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினான். அதற்குப் பின்னால் முழுக்கக் கல் பெட்டிகள். முன்னால் ஒரு இடம் இருந்தது.

“தம்பி, ஏறுலே,” என்றாள் உமா. “நான் ரோட்டுக்கு நடந்து போயி ஏதாவது வண்டில வாரேன்.”

பேச்சிராஜ் ராடின் பக்கத்திலேயே நின்றான். கூப்பிட்டது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

“மேடம், ரெத்தம் போய்க்கிட்டே இருக்கு,” என்றான் சுந்தரபாண்டியன். “தென்காசி ஆஸ்பத்திரில சேத்துட்டு இந்தா வந்துருதேன். ரெண்டு பேரும் ஷெட்டுல இருங்க. அது கிட்டப் போகாதீங்க.”

ஜீப் போய்விட்டது. பொத்தையடிவாரத்தில் அக்காவும் தம்பியும் மட்டும். தட்டு மறுபடி ஆரம்பித்தது.

டக். டக். டக்.

“வாலே, நடந்தே ரோட்டுக்குப் போயிருவோம்.” அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சில்லென்று இருந்தது.

“கீழ ஆளு இருக்குக்கா.”

“தம்ளர் அகலத் துளைலே அது! நானூறு மீட்டர் கருங்கல்லு. ஆளு எப்பிடிலே இருக்கும்? கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு?”

“அப்ப யாரு தட்டுதா?”

“யாரும் தட்டட்டும். சவத்த விட்டுத் தள்ளு. மாரி அண்ணாச்சி கைய பாத்தேல்லா?”

“தூக்காததுனாலதான் கோவம்.” அவன் கண் கலங்கியிருந்தது. “அப்பா இருந்தா போவாகளா? சொல்லு. மூணு தட்டுக் கேட்டுட்டு, விட்டுட்டு நடந்து போவாகளா?”

அந்த இடத்தில் அவள் அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் அவள் தோளும் இழுத்தது. டீ நேரத்திலிருந்தே, ஒவ்வொரு மூன்றாவது தட்டுக்கும், அப்பாவின் தோள் போலவே இழுத்துக்கொண்டிருந்தது. கீழே யாரோ காத்திருக்கிறார்கள், மேலே நாம் சும்மா நிற்கிறோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை. எத்தனை படித்தால் என்ன!

“ஒரே ஒரு தடவ,” என்றாள். “தூக்கிப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னா கெளம்பிரணும். சத்தியமா?”

“சத்தியமா.”

எஞ்சின் உறுமியது. வயர் கொக்கியோடு ராடுக்குள் இறங்கி, குழாயைக் கவ்வி, ஏறி வந்தது. தொட்டியில் சாய்த்துத் தட்டினார்கள். கல் உருளை வழுக்கி வந்தது. அதே கருங்கல், அதே சிவப்புப் பொட்டு. ஆனால் அடி முனை உடைந்த கல்லாக இல்லை. அம்மி போலத் தேய்ந்து மழுமழுவென்று இருந்தது. அதில் நான்கு பள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உமா தன்னை அறியாமல் அவற்றில் விரல்களை வைத்தாள். நான்கு விரலும் சரியாகப் பொருந்தின. கல் சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றிச் சூடு.

இந்தக் கல்லைக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தேய்கிற அளவுக்கு. எத்தனை காலம்!

கல்லைப் போட்டுவிட்டு எழுந்தாள். “போதும், வா. ஓடு. வாலே!”

பேச்சிராஜ் காலிக் குழாயை ராடுக்குள் விட்டு, கொக்கியை மறுபடி இறக்கிக்கொண்டிருந்தான்.

“சத்தியம் பண்ணியேலே!”

“ஆளு இன்னும் மேல வரலயேக்கா.”

வயர் விறைத்தது. எஞ்சின் முக்கியது. கனம். கல்லின் கனமில்லை. ரிக்கின் முன்கால்கள் மண்ணில் புதைந்தன. “வருது, வருது,” என்று அவன் குழந்தை மாதிரி சிரித்தான். வயர் சுருளில் ஒழுங்காக விழட்டும் என்று கையுறை போட்ட வலக்கையால் அதைத் தள்ளிக் கொடுத்தான். எப்போதும் செய்கிறதுதான்.

எஞ்சின் நின்றது.

வயர் கீழே ஓடியது. பிரேக் கத்தியது, தீப்பொறி பறந்தது. சுருளிலிருந்து கழன்ற ஒரு வளையம் அவன் மணிக்கட்டில் விழுந்து இறுகியது. இழுத்தது. ராடின் வாயில் அவன் முஷ்டி மோதி நின்றது.

தம்ளர் வாய். உள்ளே போகாது. போக முடியாது.

போயிற்று.

முஷ்டி நொறுங்கிற்று. மணிக்கட்டு போயிற்று. முழங்கை வரைக்கும் போயிற்று. பேச்சிராஜ் அப்போதுதான் கத்தினான். உமா அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துக் குதிகாலை மண்ணில் ஊன்றினாள்.

“எக்கா, விட்ராத. விட்ராதக்கா.”

“விடமாட்டேன். விடமாட்டேன்லே.”

தோள்பட்டை ராடின் விளிம்பில் மோதியது. ஒரு நொடி எல்லாம் நின்றது. அவன் முகம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது, கன்னம் இரும்பில் ஒட்டியிருந்தது. அவன் ஏதோ சொல்ல வந்தான். கீழிருந்து இழுப்பு வந்தது. தோள் மடங்கிற்று. நெஞ்சு, தகர டப்பாவை மிதித்தால் கேட்கிற சத்தத்தோடு உள்ளே ஒடுங்கிற்று. சூடாக ஏதோ அவள் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தாள். இடுப்பு நழுவியது. தொடை. முழங்கால். பிறகு ஒரு பூட்ஸ்.

பூட்ஸ் மட்டும் கையில் நின்றது.

சாரல் பெய்தது. ராடின் விளிம்பிலிருந்து சிவப்பு வழிந்து, தண்ணீரோடு கலந்து, வெளிறி, மண்ணுக்குள் போனது. வயர் தளர்ந்து தொங்கியது. உமா முழங்காலிட்டு ராடுக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்பு. “தம்பி,” என்று கூப்பிட்டாள். குரல் கீழே போயிற்று, திரும்பி வரவில்லை. விரிசல் இல்லாத கல். உள்ளே போனது வெளியே வராத கல். அவள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். அவள்தான் தம்பியையும் கூட்டி வந்தாள். தலையை ராடில் முட்டினாள். மறுபடி முட்டினாள். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

அப்போது கேட்டது.

டக் டக்.

கொஞ்சம் விட்டு.

டக்.

எழுந்தாள். யோசிக்கவில்லை. எஞ்சினை முடுக்கினாள், அது முதல் உதைப்பிலேயே பிடித்துக்கொண்டது. நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கிற வேலைதானே. லீவரைத் தள்ளினாள். வயர் ஏறியது. “வாரேன்லே, இந்தா தூக்குதேன், பயப்படாத.” குழாய் ராடின் வாயை விட்டு வெளியே வந்தது. கனமாக. கட்டிப்பிடித்துத் தூக்கித் தொட்டியில் சாய்த்தாள். கை பழகிய பழக்கத்தில் மரச் சுத்தியலை எடுத்தாள். தட்டினாள்.

வழுக்கி வந்தது.

முழு நீளம், ஒரே உருளை, எங்கும் முறிவில்லை. மேலே ஆரஞ்சு நிறப் பட்டை, அவன் போட்டிருந்த சட்டை. அதற்குள்ளே தோல். அதற்குள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைப் பொட்டுகள். ஒரு முனையில் மஞ்சள் கயிறு, முடிச்சு அவிழாமல் அப்படியே அழுந்தியிருந்தது. அதன் பக்கத்தில் கிழிந்த கையுறைக்கு வெளியே நகத்தோடு ஒரு விரல் நுனி. எல்லாம் சூடாக இருந்தது. உமா அதை இரண்டு கையாலும் ஏந்தி, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற பதனத்தோடு கொண்டுபோய், காலியாக இருந்த புதுப் பெட்டியின் முதல் வரிசையில் வைத்தாள். மேலிருந்து கீழாக. ஒழுங்காக.

ஷெட்டில் போன் அடித்தது. நடந்துபோய் எடுத்தாள்.

“ஏட்டி, கெளம்பியாச்சா?” அம்மா. பின்னால் யார் யாரோ சிரிக்கிற சத்தம், பாத்திரச் சத்தம். “விடிஞ்சா பந்தக்கால். ஆளு ஆளுக்கு மாப்பிள எங்கன்னு கேக்காக. தம்பி எங்க?”

“வந்துக்கிட்டு இருக்காம்மா.”

“ஒன் குரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு? எங்கன வாரான்?”

“வந்துருவான். கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டு இருக்கான்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். ராடு தட்டியது. இரண்டு வேகமாக, கொஞ்சம் விட்டு ஒன்று. அவள் தோள் இழுத்தது. ஆள் மேலே வந்து மண்ணில் கால் வைக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. காலிக் குழாயை உள்ளே விட்டுக் கொக்கியை இறக்கினாள். வயர் நீளமாக, சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் பொத்தை வளைவில் திரும்பிய ஜீப்பின் வெளிச்சம் சாரலுக்குள் மங்கலாகத் தெரிந்தது.

பெட்டியில் இன்னும் நான்கு வரிசை காலியாகக் கிடந்தது. முதல் வரிசையின் ஓரத்தில், மஞ்சள் கயிற்றுக்குப் பக்கத்தில் இருந்த அந்த விரல் நுனி மெல்ல மடங்கித் தகரத்தைத் தட்டியது.

டக் டக்.

டக்.